வானத்துக்கு எதற்குத் திண்டுக்கல் பூட்டு?

தீபாவளி வந்தால் திண்டுக்கல்லில் மூன்று விஷயங்கள் தவறாமல் வரும். பகலில் கடைவீதி நெரிசல், ராத்திரியில் புகைமூட்டம், கைப்பேசியில் ஒரு படம். கறுப்புப் பின்னணியில் இந்தியா சிவப்பும் நீலமும் பச்சையும் வெள்ளையுமாக ஜொலிக்கும். கீழே ஒரு வரி: "தீபாவளி இரவில் விண்வெளியிலிருந்து நம் நாடு. நாசா எடுத்த படம். பெருமையுடன் பகிருங்கள்!" மாமா சித்தப்பாவுக்கு அனுப்புவார். சித்தப்பா குடும்பக் குழுவில் போடுவார். பலகாரம் காலியாவதற்குள் அதே படம் பத்துத் தடவை வந்துவிடும்.

அது தீபாவளிப் படமே இல்லை. அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள்கள் பல வருடங்களில் எடுத்த இரவுப் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, 2003-ல் கிறிஸ் எல்விட்ஜ் என்ற விஞ்ஞானி தயாரித்தது. வெள்ளை என்றால் 1992-க்கு முன்பே இருந்த விளக்குகள். நீலம் 1992-லும், பச்சை 1998-லும், சிவப்பு 2003-லும் புதிதாகத் தெரிந்தவை. ஊர்கள் எப்படிப் பெருத்தன என்று காட்டுவதற்காக வண்ணம் பூசப்பட்ட படம். 2012-ல் தீபாவளி சமயத்தில் எடுத்த உண்மையான இரவுப் படத்தை நாசாவே வெளியிட்டு, பட்டாசும் அகல்விளக்கும் கொடுக்கிற கூடுதல் வெளிச்சம் விண்ணிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது என்று சொல்லிவிட்டது. யார் கேட்டார்கள்? அடுத்த தீபாவளிக்கும் அதே படம்தான் வந்தது.

சரி, சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் 2019 ஜூலையில் நடந்ததைப் பார்த்துச் சிரிக்க முடியாது. ஜூலை 22 அன்று சந்திரயான்-2 கிளம்பியது. ஒரு வாரத்துக்குள் "சந்திரயான் எடுத்த பூமியின் முதல் படங்கள்" என்று ஒரு கட்டு படங்கள் நாடெங்கும் சுற்றின. ஒன்றுகூட சந்திரயான் எடுத்ததில்லை. ஏற்கெனவே இணையத்தில் கிடந்தவை, ஓவியர்கள் கணினியில் வரைந்தவை. இஸ்ரோவின் அசல் படங்கள் ஆகஸ்ட் 4 அன்றுதான் வெளிவந்தன. 2023-ல் சந்திரயான்-3 இறங்கியபோதும் இதே கதை. ரோவரின் சக்கரம் நிலவு மண்ணில் பதித்த அசோகச் சின்னம் என்று ஒரு படம் ஊரையே கலக்கியது. சக்கரத்தில் சின்னம் பொறித்திருந்தது உண்மை. அந்தப் படம் மட்டும் கணினியில் வரைந்தது.

பொய்ப் படத்தைப் பரப்புகிறவர்களைத் திட்டுவது சுலபம். "ஜனங்களுக்கு அறிவில்லை" என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரு மனிதருக்குச் செவ்வாயையும் நிலவையும் பார்க்க ஆசை. தன் வரிப்பணத்தில் போன கலம் என்ன பார்த்தது என்று தெரிந்துகொள்ள ஆசை. இதில் என்ன தப்பு? பசித்தவனுக்கு நேரத்தோடு சோறு போடாமல் வைத்திருந்தால் அவன் கிடைத்ததைத் தின்பான். தப்பு தின்றவன் மேலா, அடுப்படியைப் பூட்டி வைத்தவன் மேலா?

பூட்டும் சாவியும்

பூட்டு என்றால் திண்டுக்கல்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். மாங்காய்ப் பூட்டு கண்ட ஊர் இது. கையால் ராவி, கையால் பொருத்தி, ஒரு சாவிக்கு ஒரு பூட்டு என்று செய்த பட்டறைகள் இருந்த ஊர். அலிகாரிலிருந்து மலிவுப் பூட்டு வந்து அந்தத் தொழிலைப் பாதி முடக்கிய பிறகு, 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பட்டறைகளில் எழுதப்படாத ஒரு சட்டம் உண்டு. பூட்டு எவ்வளவு கெட்டியாகவும் இருக்கலாம், எத்தனை தந்திரமும் வைக்கலாம். காசு கொடுத்தவன் கையில் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். சாவியைத் தானே வைத்துக்கொண்டு பூட்டை மட்டும் விற்கிற ஆசாரியை ஊர் என்ன சொல்லும் என்று எழுதத் தேவையில்லை.

இந்திய விண்கலங்கள் எடுக்கிற படங்கள் விஷயத்தில் நடப்பது கிட்டத்தட்ட அதுதான். காசு ஜனங்களுடையது. மங்கள்யானுக்கு 450 கோடி ரூபாய். 2013 நவம்பர் 5 அன்று கிளம்பி, 2014 செப்டம்பர் 24 அன்று முதல் முயற்சியிலேயே செவ்வாயைச் சுற்ற ஆரம்பித்தது. உலகமே கைதட்டியது. அதிலிருந்த வண்ணக் கேமராவுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. மங்கள்யானின் பாதை மிக நீண்ட முட்டை வடிவம். தூரப் போகும்போது செவ்வாயிலிருந்து 70,000 கிலோமீட்டருக்கும் அப்பால் நிற்கும். மற்ற நாட்டுக் கலங்களில் பல செவ்வாயை ஒட்டிச் சுற்றுவதால் தரையைத் துண்டு துண்டாகத்தான் படம் பிடிக்க முடியும். மங்கள்யானோ முழு உருண்டையையும் ஒரே படத்தில், ஒரு புழுதிப் புயலோடு சேர்த்து, காட்டியது. அருமையான படம்.

அப்படிப்பட்ட படங்கள் எத்தனை பேர் கண்ணில் பட்டன? அப்போதைக்கப்போது ஒன்றிரண்டு படங்கள். 2015 செப்டம்பரில் ஒரு படத்தொகுப்பு. முதல் வருடத் தரவு பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது 2016 செப்டம்பரில், அதாவது கலம் போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் கழித்து. அதற்குள் கைதட்டிய ஜனங்கள் கலைந்து போயாயிற்று. 2016-ல் வந்த 2000 ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் மங்கள்யானின் உருவம் இருந்தது. சாதாரண மனிதர் மங்கள்யானை அதிக தடவை பார்த்தது அந்த நோட்டில்தான். மங்கள்யான் பார்த்த செவ்வாயை அவர் பார்க்கவில்லை. 2022-ல் கலம் ஓய்ந்தது, 2023-ல் நோட்டும் திரும்பப் பெறப்பட்டது. மிச்சம் என்ன?

மற்றவர்கள் என்ன செய்கிறார்கள்?

2004-ல் ஸ்பிரிட், ஆப்பர்ச்சூனிட்டி என்ற இரண்டு ரோவர்கள் செவ்வாயில் இறங்கின. அவை அனுப்பிய படங்களை நாசா பெரும்பாலும் வந்த வேகத்திலேயே, மெருகூட்டாமல், கறுப்பு வெள்ளையில், கோடும் புள்ளியுமாக அப்படியே இணையத்தில் போட்டது. சனிக்கோளைச் சுற்றிய காசினியின் படங்களும் அப்படித்தான். இன்று பெர்சிவரன்ஸ் ரோவர் எடுக்கும் படங்களையும் விஞ்ஞானி பார்க்கிற சமயத்திலேயே வத்தலகுண்டில் ஒரு பையனும் பார்க்கலாம்.

வியாழனுக்குப் போன ஜூனோ இன்னும் ஒரு படி மேலே. 2016 ஜூலையில் அங்கே சேர்ந்த அந்தக் கலத்தில் ஜூனோகேம் என்று ஒரு கேமரா. அதைப் பொருத்தியதே பொதுமக்களுக்காகத்தான். கலம் பம்பரம் மாதிரி சுற்றிக்கொண்டே போகும். கேமரா வியாழனைப் பட்டை பட்டையாக, சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் வழியாகத் தனித்தனியே எடுக்கும். அந்தப் பட்டைகள் நேராக இணையத்துக்கு வந்துவிடும். ஒட்டுகிற வேலை? உலகத்தில் யார் வேண்டுமானாலும் செய்யலாம். பட்டைகளைச் சுழற்சிக்கு ஏற்ப நிமிர்த்தி, மூன்று வண்ணங்களையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தினால் வியாழனின் புயல்கள் எழுந்து வரும். பத்திரிகைகளில் வந்து எல்லோரும் வாய்பிளந்து பார்த்த வியாழன் படங்களில் பல, சம்பளம் வாங்காத ஆர்வலர்கள் வீட்டுக் கணினியில் ஒட்டியவை.

நாசாவை ஆரத்தி எடுத்து வரவேற்க வேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. அங்கேயும் பூட்டு உண்டு. ஹப்பிள் தொலைநோக்கியில் நேரம் வாங்கிய விஞ்ஞானிக்குப் பல சமயம் சில மாதங்கள் தனியுரிமை கொடுக்கிறார்கள். ஐரோப்பியர்கள் இன்னும் மோசமாகப் பேர் வாங்கினார்கள். 2014-ல் ரொசெட்டா ஒரு வால்மீனைச் சுற்றியபோது, அதன் முதன்மைக் கேமராக் குழு படங்களைப் பதுக்குகிறது என்று ஐரோப்பியர்களே சண்டைக்குப் போனார்கள். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. அங்கே ஜனங்கள் கேட்டார்கள். இங்கே யாரும் கேட்பதே இல்லை. கேட்டால் தேசத்துரோகி என்று சொல்ல வரிசையில் நிற்கிறார்கள்.

மதுரைக்காரர் கொடுத்த பாடம்

2019 செப்டம்பர் 7 அதிகாலை. விக்ரம் தரையிறங்கி நிலவுக்கு மேலே இரண்டு கிலோமீட்டர் உயரத்தில் தொடர்பை இழந்தது. ஓரிரு நாளில், சுற்றுக்கலம் விக்ரமைக் கண்டுபிடித்துவிட்டது என்று இஸ்ரோ அறிவித்தது. நிலவுக்குப் போன கேமராக்களிலேயே நுணுக்கமானது, 30 சென்டிமீட்டர் அளவு வரை பிரித்துக் காட்டக்கூடியது, அந்தச் சுற்றுக்கலத்தில்தான் இருக்கிறது என்பதும் இஸ்ரோவே சொன்னது. படம் எங்கே? வரவில்லை.

அதே செப்டம்பர் 17 அன்று நாசாவின் எல்.ஆர்.ஓ. கலம் அந்த இடத்துக்கு மேலே பறந்தது. வெயில் சாய்ந்து நிழல் நீண்டிருந்த நேரம். எடுத்த படத்தில் நாசாக்காரர்களால் விக்ரமைக் கண்டுபிடிக்க முடியவில்லை. முடியவில்லை என்று ஒப்புக்கொண்டு, செப்டம்பர் 26 அன்று படத்தை இணையத்தில் போட்டார்கள். இந்த ஒரு வரியைத் திரும்பப் படியுங்கள். "எங்களுக்குத் தெரியவில்லை, நீங்கள் பாருங்கள்" என்று போட்டார்கள்.

பார்த்தவர் சண்முக சுப்பிரமணியன். மதுரைக்காரர், சென்னையில் வேலை பார்த்த இயந்திரவியல் பொறியாளர். விண்வெளித் துறையில் இருப்பவர் இல்லை. பழைய படத்தையும் புதிய படத்தையும் இரவு இரவாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு புள்ளியாக ஒப்பிட்டார். பழையதில் இல்லாத ஒரு வெள்ளைப் புள்ளி புதியதில் இருந்தது. நாசாவுக்கு எழுதினார். அவர்கள் அக்டோபரிலும் நவம்பரிலும் எடுத்த படங்களோடு சரிபார்த்து, 2019 டிசம்பர் 2 அன்று அவர் பெயரைச் சொல்லி அறிவித்தார்கள். விழுந்த இடத்திலிருந்து சுமார் 750 மீட்டர் வடமேற்கே கிடந்த சிதறல் அது. இஸ்ரோ தரப்பிலிருந்து வந்த பதில் என்ன தெரியுமா? "எங்கள் சுற்றுக்கலம் முன்பே கண்டுபிடித்துவிட்டது."

இருக்கலாம். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இந்திய லேண்டரை, ஒரு தமிழர், அமெரிக்கப் படத்தில் தேட வேண்டியிருந்ததே, அது வெட்கமாக இல்லையா? அவர் முன்னால் அதைவிட நுணுக்கமான இந்தியப் படம் இருந்திருந்தால்? சந்திரயான்-2 தரவின் முதல் தவணை வெளிவந்தது 2020 டிசம்பர் 24 அன்று. சுற்றுக்கலம் நிலவை அடைந்து பதினாறு மாதங்கள் கழித்து.

இன்னொரு விஷயமும் இதில் இருக்கிறது. ஜெயித்த படம் உடனே வருகிறது, தோற்ற படம் பெட்டிக்குள் போகிறது. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 பத்திரமாக இறங்கியதும் அன்றே படம் வந்தது. அடுத்தடுத்த நாட்களில் ரோவர் ஓடுகிற காட்சி, முப்பரிமாணப் படம் எல்லாம் வந்தன. மனம் நிறைந்து பாராட்டலாம். ஆனால் பரீட்சையில் பாஸானால் மட்டும் மதிப்பெண் பட்டியலை வீட்டில் காட்டுகிற பையனை எந்த அப்பா முழுசாக நம்புவார்?

மலைமேல் இருக்கிற சாவி

இதையெல்லாம் அமெரிக்காவைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதில்லை. திண்டுக்கல்லிலிருந்து செம்பட்டி வழியாக வத்தலகுண்டு போகிற பஸ்ஸில் ஏறி, மேற்கே நிமிர்ந்து பார்த்தால் போதும். பழனி மலைத்தொடர். அதன் உச்சியில், இதே மாவட்டத்தில், கொடைக்கானல் சூரிய ஆய்வகம்.

அது எதற்காக வந்தது என்பது பலருக்குத் தெரியாது. சுற்றுலாவுக்கு வரவில்லை. 1876-லிருந்து 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சம். மழை பொய்த்து லட்சக்கணக்கானவர்கள் செத்தார்கள். சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் சம்பந்தம் இருக்குமோ, சூரியனைத் தினமும் கவனித்தால் அடுத்த பஞ்சத்தை முன்கூட்டியே அறியலாமோ என்ற எண்ணம் அப்போது எழுந்தது. அந்த எண்ணத்தின் தொடர்ச்சியாகத்தான் 1899-ல் கொடைக்கானலில் ஆய்வகம் வந்தது. சமவெளியின் பசிக்கு மலைமேல் ஒரு கண் வைத்தார்கள். மழையைக் கணிக்கும் அந்த ஆசை நிறைவேறவில்லை. ஆனால் 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் அங்கே எடுத்த படங்களில், கரும்புள்ளிகளில் வாயு மையத்திலிருந்து வெளியே பாய்வதைக் கண்டார். இன்றும் உலகப் பாடப்புத்தகங்களில் அதற்கு எவர்ஷெட் விளைவு என்றுதான் பெயர்.

அதைவிடப் பெரிய காரியம் வேறு. 1904 தொடங்கி, மேகம் விட்ட நாளெல்லாம் சூரியனைப் படம் எடுத்து வைத்தார்கள். கண்ணாடித் தட்டுகளில், பிறகு படச்சுருள்களில். இரண்டு உலகப் போர் வந்தது, வெள்ளைக்காரன் போனான், மாவட்டம் பிரிந்தது, படம் எடுப்பது நிற்கவில்லை. ஒரே இடத்திலிருந்து நூறு வருடத்துக்கும் மேலான சூரியனின் ஆல்பம் என்பது உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களில்தான் இருக்கும். ஆய்வகத்தை நடத்துகிற இந்திய வான்இயற்பியல் நிறுவனம் அவற்றைக் கணினிப் படங்களாக மாற்றி இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. 1904-ல் தட்டைக் கழுவிக் காயவைத்த ஊழியருக்கு அது 2020-களில் என்ன கேள்விக்குப் பதில் சொல்லும் என்று தெரியாது. தெரிய வேண்டியதில்லை. எடுத்தார், பத்திரப்படுத்தினார், அடுத்தவர் கைக்குக் கொடுத்தார். அவ்வளவுதான்.

படத்தின் மதிப்பு எடுத்தவர் கண்ணோடு முடிவதில்லை என்பதற்கு வானவியலில் எத்தனையோ சாட்சிகள். 1979 மார்ச்சில் வாயேஜர்-1 கலத்துக்கு வழி கணக்கிடுவதற்காக எடுத்த ஒரு படத்தில், லிண்டா மொரபிட்டோ என்ற பொறியாளர் வியாழனின் நிலவான அயோவின் ஓரத்தில் ஒரு குடையைக் கண்டார். எரிமலை! பூமிக்கு வெளியே சீறிக்கொண்டிருக்கும் எரிமலையை மனிதர்கள் முதன்முதலாகக் கண்டது அப்படித்தான், வழிகாட்டும் படத்தில். 1991-ல் மகெல்லன் கலம் வெள்ளிக்கோளை ரேடார் மூலம் எடுத்த படங்களை 2023-ல் மறுபடி புரட்டிப் பார்த்து, எட்டு மாத இடைவெளியில் ஓர் எரிமலை வாய் உருமாறியிருப்பதைக் கண்டார்கள். முப்பது வருடம் எல்லோர் முன்னாலும் கிடந்த படம். இந்தியாவுக்கே ஒரு சாட்சி உண்டு. 2008 அக்டோபர் 22 அன்று கிளம்பிய சந்திரயான்-1 பத்து மாதத்தில் 2009 ஆகஸ்டில் ஓய்ந்தது. அதிலிருந்த நாசாவின் எம்-3 கருவி சேர்த்த தரவு பொதுவில் இருந்ததால், 2018-ல் வேறு ஒரு குழு அதை அலசி நிலவின் துருவப் பள்ளங்களில் பனி மேற்பரப்பிலேயே இருப்பதற்கு ஆதாரம் காட்டியது. கலம் செத்து ஒன்பது வருடம் கழித்து!

"ஆனாலும்..." என்பவர்களுக்கு

முதல் ஆட்சேபம்: கேமராவை உருவாக்கிய விஞ்ஞானி பத்து வருடம் உழைத்திருக்கிறார், முதல் ஆய்வுக்கட்டுரை அவர்தானே எழுத வேண்டும்? நியாயம். முழுக்க நியாயம். அளந்து திருத்திய தரவை ஆறு மாதம் அவரே வைத்துக்கொள்ளட்டும். ஆனால் வேடசந்தூர் மாணவி பார்க்கிற ஒரு சின்ன அளவுப் படத்தால் யாருடைய ஆய்வுக்கட்டுரையும் திருடு போகாது. விதைநெல்லைப் பூட்டலாம், வயலைப் பார்க்கக்கூடாது என்று வேலி கட்டினால் எப்படி?

இரண்டாவது: பாதுகாப்பு. பூமியைப் படம் பிடிக்கிற செயற்கைக்கோளுக்கு இது பொருந்தும். எல்லைப்புறத்து முகாம் படத்தை யாரும் கேட்கவில்லை. நிலவின் தென்துருவப் பள்ளத்தில் எந்த ராணுவம் பதுங்கியிருக்கிறது?

மூன்றாவது: ஜனங்கள் தப்பாகப் புரிந்துகொள்வார்கள். பாறையைப் பார்த்து முகம் என்பார்கள், நிழலைப் பார்த்து பேய் என்பார்கள். சொல்லட்டுமே! நூறு பேர் உளறுவார்கள், நூற்றியோராவது ஆள் சண்முக சுப்பிரமணியன். பூட்டி வைத்தால் உளறல் நிற்குமா? தீபாவளிப் படம் எதைக் காட்டுகிறது? அசல் இல்லாத இடத்தில் உளறலுக்குப் போட்டியே இல்லாமல் போகிறது.

நான்காவது: இஸ்ரோவின் பட்ஜெட் நாசாவின் பட்ஜெட்டில் ஒரு சிறு துண்டு, இதற்கெல்லாம் ஆள் ஏது? ராக்கெட் விடுவதற்கு ஆகிற செலவு வேறு. எடுத்த படத்தை இணையத்தில் ஏற்றுகிற செலவு வேறு. ஒட்டுகிற வேலையை ஆர்வலர்களிடம் விட்டுவிட்டால் இருக்கிற ஆட்களுக்கும் வேலை குறையும். ஜூனோகேம் அதைத்தான் நிரூபித்தது.

திறந்தது பாதி

உள்ளதைச் சொல்ல வேண்டும். பூட்டு முன்பு மாதிரி இல்லை. பெங்களூருக்குப் பக்கத்தில் பையலாலுவில் இருக்கும் தரவு மையம் 'பிரதான்' என்ற தளத்தை நடத்துகிறது. பெயரைப் பதிந்துகொண்டால் யாரும் உள்ளே போகலாம். சந்திரயான்-3 தரவு 2024 ஆகஸ்ட் 23 அன்று, முதல் தேசிய விண்வெளி தினத்தில், திறக்கப்பட்டது. ஆதித்யா எல்-1 தரவும் 2025 ஜனவரியில் வந்தது. அதன் பலனும் உடனே தெரிந்தது. சந்திரயான்-2 கேமரா 2024 மார்ச்சில் தாழப் பறந்து எடுத்த படங்களை ஓர் இந்திய ஆர்வலர் அந்தத் தளத்திலிருந்து எடுத்துச் செப்பனிட்டு, தூங்கிக்கொண்டிருக்கும் விக்ரமையும் பக்கத்தில் பிரக்யானையும் தெளிவாகக் காட்டினார். இந்தியக் கேமரா, இந்திய லேண்டர், இந்தியக் கண்! 2019-ல் நடந்திருக்க வேண்டியது 2024-ல் நடந்தது.

ஆனால் கதவு திறந்திருக்கிறது என்று சொல்வதற்கும், வழி தெரிகிறது என்று சொல்வதற்கும் தூரம் அதிகம். அந்தத் தளத்துக்குள் போகிற பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் கண்ணில் படுவது விஞ்ஞானிகளுக்கான கோப்பு வடிவங்களும் சுருக்கெழுத்துப் பெயர்களும்தான். எது செவ்வாய், எது அளவுத்திருத்தக் கோப்பு என்று கண்டுபிடிப்பதற்குள் ஆசையே போய்விடும். இஸ்ரோவின் தளம் ஆங்கிலம் பேசும், இந்தி பேசும். தமிழ்?

இங்கேதான் கோபம் வர வேண்டும். சந்திரயான்-1 திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை, கோவைப் பக்கம். சந்திரயான்-2 வனிதா முத்தையா, சென்னை. சந்திரயான்-3 வீரமுத்துவேல், விழுப்புரம். ஆதித்யா எல்-1 நிகர் ஷாஜி, செங்கோட்டை. தலைவர்களாக சிவன், இப்போது நாராயணன், இரண்டு பேரும் குமரி மாவட்டம். ஒவ்வொரு தடவையும் "தமிழர் சாதனை" என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. அந்தத் தமிழர்கள் அனுப்பிய கலம் எடுத்த படத்தின் கீழே தமிழில் நாலு வரி கிடையாது. எந்தக் கேமரா, எந்த நாள், எவ்வளவு உயரத்திலிருந்து, நிறம் கண்ணுக்குத் தெரிகிற நிறமா அல்லது ஏற்றிய நிறமா? இந்த நாலு வரி இருந்திருந்தால் தீபாவளிப் படம் மாதிரி ஒரு பொய் இத்தனை வருடம் உயிரோடு இருந்திருக்குமா?

கேட்பது அதிகமில்லை. தினசரிக் கேமராப் படங்களைச் சின்ன அளவிலாவது ஓரிரு நாளில் போடுங்கள். ஆய்வுத் தரவை ஆறு மாதம் என்றால் ஆறு மாதம், தேதியை முன்கூட்டியே எழுதி ஒட்டுங்கள். தோற்றாலும் படத்தைக் காட்டுங்கள். படத்துக்குக் கீழே நாலு வரி இந்திய மொழிகளில் எழுதுங்கள். பள்ளிப் பாடப்புத்தகமோ ஊர்ப் பத்திரிகையோ அனுமதி கேட்டு அலையாமல் பயன்படுத்தலாம் என்று ஒரு வாக்கியம் போடுங்கள்.

கேட்கிறவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. சாவி பாதி கைக்கு வந்த பிறகும் கதவைத் தள்ளிப் பார்க்காமல் இருந்தால் அது யார் தப்பு? திண்டுக்கல்லைச் சுற்றி இத்தனை கல்லூரிகள். காந்திகிராமத்தில் ஒரு பல்கலைக்கழகமே இருக்கிறது. இறுதியாண்டு புராஜெக்ட் என்று கடைகளில் காசு கொடுத்து வாங்கி, அட்டை போட்டுக் கொடுப்பதற்குப் பதிலாக, சந்திரயான் படம் ஒன்றை இறக்கிச் செப்பனிட்டு, தமிழில் நாலு வரி எழுதி, நிலக்கோட்டையிலோ நத்தத்திலோ ஓர் அரசுப் பள்ளிச் சுவரில் ஒட்டலாம். கொடைக்கானலின் பழைய சூரியப் படங்களில் ஒரு வருடத்தை எடுத்துக் கரும்புள்ளிகளை எண்ணிப் பார்க்கலாம். கணினியும் இணையமும் பொறுமையும் போதும். ஒரு வருடம் இப்படிச் செய்தால், அடுத்த தீபாவளிக்கு மாமா அனுப்புகிற படத்தைப் பார்த்து "இது அது இல்லை மாமா" என்று சொல்ல ஒரு தலைமுறை தயாராக இருக்கும்.

வீட்டுக்குப் பூட்டு வேண்டும். கடைக்குப் பூட்டு வேண்டும். கோயில் உண்டியலுக்குக் கட்டாயம் வேண்டும். அதற்கெல்லாம் திண்டுக்கல் இருக்கிறது, நல்ல பூட்டாகச் செய்து கொடுக்கும். நிலவுக்கும் செவ்வாய்க்கும் வேண்டாம். அப்படியே போட்டுத்தான் தீர வேண்டும் என்றால், ஆசாரியின் சட்டப்படி சாவியைக் காசு கொடுத்தவர் கையில் கொடுத்துவிடுங்கள்.